ரூத் டீச்சரின் சனிக்கிழமைச் சாப்பாடு

போன சனிக்கிழமை மத்தியானம் வாணியம்பாடியில் ஆட்டுக்கால் பாயா சாப்பிட்டுவிட்டு ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினேன். ரூத் டீச்சரின் தம்பி ஜெயபால் எனக்காக அங்கே நின்றுகொண்டிருந்தார். "அக்கா போய்ட்டாங்க டீச்சர். நீங்க பஸ் ஏறின கொஞ்ச நேரத்துலயே" என்றார். என் கையில் பாயா வாசனை இன்னும் போகவில்லை. சாகக் கிடந்த தோழியை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டவள் என்று ஊர் பேசட்டும். என்னை அனுப்பியவர் ரூத் டீச்சரேதான். ஏன் அனுப்பினார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பெண்கள் பள்ளியில் அவர் சரித்திரம் எடுத்தார், நான் கணக்கு. அவரிடம் படித்தவர்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: உயரமானவர், கனத்த குரல், கல்யாணமான இரண்டாம் வருஷமே கணவரை இழந்தவர். ஆனாலும் வெள்ளைப் புடவை கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டவர். தம்பி வீட்டில் இருந்தார். அந்த வீட்டுக்கு மூன்று வேளையும் சமைத்தவர் அவர்தான். நான் குடியாத்தத்தில் லுங்கித் தறி போட்டிருக்கும் குடும்பத்துப் பெண். வேலைக்காக ஆம்பூரில் தனியாக அறை எடுத்திருந்தேன். அவர் என்னைவிடப் பெரியவர் என்பதால் பள்ளிக்கு வெளியே அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, அரைநாள் பள்ளி விட்டதும், "வா வசந்தா, ஹோட்டலுக்குப் போலாம்" என்றார். ஆம்பிளைத் துணையில்லாமல் இரண்டு டீச்சர்கள் ஹோட்டலுக்குள் நுழைவதை ஆம்பூர் அதுவரை அவ்வளவாகப் பார்த்ததில்லை. பைபாஸ் பக்கமிருந்த பாய் ஹோட்டலில் சர்வர் எங்களைப் பார்த்ததும் பதறி, "ஃபேமிலி ரூம் அந்தாண்ட இருக்குதுமா" என்று மூலையில் தொங்கிய பச்சைத் திரையைக் காட்டினார்.

"அந்தாண்ட ஃபேன் இருக்குதா?"

"இல்லமா."

"அப்ப நாங்க இந்தாண்டயே ஒக்காந்துக்கறோம்."

ஹால் நடுவில், ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தார். தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்கள் பிரியாணியை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். எனக்கு மானமே போனது. அவர் நிதானமாகக் கத்திரிக்காய் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்.

அப்புறம் எங்களுக்குச் சனிக்கிழமை என்றாலே ஹோட்டல்தான். பாய் ஹோட்டல் பிரியாணி, ஸ்டேஷன் ரோட்டுப் பூரி, சம்பளம் வந்த வாரத்தில் வேலூர் வரை போய் நெய் ரோஸ்ட். காற்று தோல் ஷாப் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கமிருந்து அடித்தால் ஜன்னலோரம் உட்காரமாட்டார். "இன்னிக்கு பூரில சுண்ணாம்பு வாசனை ஃப்ரீ" என்பார். வீட்டில் இவ்வளவு நன்றாகச் சமைக்கிறவர் ஹோட்டலுக்கு ஏன் இப்படி அலைகிறார் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நான் சாப்ட்டனான்னு எங்க வூட்ல யாரும் கேட்டதில்ல வசந்தா. ஆக்கறவ எப்படியும் தின்னுருப்பான்னு நெனப்பு. இங்க வந்து ஒக்காந்தா மொதக் கேள்வியே 'இன்னா சாப்பிடறீங்க'. அத்தக் கேக்கத்தான் வர்றேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் கையிலிருந்த பூரி கனத்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, பிரியாணியில் முதல் வாயே அவருக்கு நெஞ்சில் நின்றுவிட்டது. மார்பைக் குத்திக்கொண்டார், தண்ணீர் குடித்தார், கண் சிவந்தது. "கறி வேவல" என்று பாய் மேல் பழி போட்டார். அடுத்த வாரம் கறியில்லாத குஷ்காவும் நின்றது. பிறகு இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துக் கரைத்துக் குடித்தார். கையைப் பிடித்து இழுக்காத குறையாக வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். உணவுக்குழாயில் புற்று, ஆபரேஷன் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள். ரேடியேஷன் கரண்ட் வைத்தார்கள். கொஞ்சநாள் இறங்கியது, மறுபடி அடைத்துக்கொண்டது. வயிற்றில் துளைபோட்டுக் குழாய் வைத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொன்னார்.

"மாட்டேன்" என்றார் அக்கா. "வாய் இருக்குது, வாய் வழியாத்தான் சாப்பிடுவேன்."

அதன்பிறகு நாங்கள் அலைந்த அலைச்சலை எப்படிச் சொல்ல? ஏதாவது ஒரு ஊரில், ஏதாவது ஒரு ஹோட்டலில், அவர் தொண்டையில் இறங்குகிற ஒன்று இருக்கும் என்று எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. குடியாத்தத்தில் ரசம். ஜோலார்பேட்டையில் பால். ஆற்காட்டுக்குப் போய் மக்கன் பேடாவைப் பாகில் கரைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு இடத்திலும் அவர் ஒரு ஸ்பூன் வாயில் வைப்பார், நான் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். எழுந்து வாஷ் பேசினுக்கு ஓடுவார். சர்வர்கள் முகம் சுளிப்பார்கள். வாணியம்பாடியில் மட்டும் ஒருநாள் பாயாத் தண்ணீர் அரை டம்ளர் இறங்கியது. இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அழுதோம். "காரம் ஜாஸ்தியாமா?" என்று சர்வர் சர்க்கரை கொண்டுவந்து வைத்தார்.

அடுத்த வாரம் அதே பாயா ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. எலும்பும் தோலுமாகிவிட்டார். அவர் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "குழாய் வெச்சுக்கோங்க அக்கா. எனக்காக." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "சரி, வெக்கச் சொல்லு" என்றார். ஜெயித்தது மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

குழாய் வைத்த பிறகு கொஞ்சம் தெம்பு வந்தது. "பாய் ஹோட்டலுக்குப் போலாம்" என்றார். உள்ளே நுழைந்ததும் நான் ஃபேனுக்குக் கீழே இருந்த டேபிளைப் பார்த்தேன். அவர் மெதுவாக, "ஃபேமிலி ரூம் வேணும்" என்று சர்வரிடம் சொன்னார். திரையை இழுத்துவிட்டுப் புடவையை விலக்கினார். கல்லாவில் இருந்த பாய் ஒன்றும் கேட்காமல், சூப்பை வடிகட்டி ஆறவைத்துத் தானே கொண்டுவந்து திரைக்கு வெளியிலிருந்து நீட்டினார். "மெதுவா டீச்சரம்மா, டேபிள் யாருக்கும் வேணாம்." நான் புனலில் ஊற்றினேன்.

"வயிறு ரொம்புது வசந்தா" என்றார் அக்கா. "வாய்தான் பட்டினி."

படுக்கையில் விழுந்த பிறகு அவருக்குப் புதிதாக ஒரு யோசனை வந்தது. "நீ போய் சாப்ட்டுட்டு வா. வந்து எனக்குச் சொல்லு." நான் மாட்டேன் என்றேன். அவர் விடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் தனியாகப் போய், தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். திரும்பி வந்து சொன்னால் போலீஸ்காரர் மாதிரி விசாரிப்பார்.

"கத்திரிக்காய்ல புளிப்பு இருந்ததா?"

"இருந்தது அக்கா."

"ஜாஸ்தியா, கம்மியா? வாயில வெச்சதும் இன்னா ஆச்சு, அத்தச் சொல்லு. சும்மா நல்லா இருந்ததுன்னு சொல்லாத."

நான் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எச்சில் விழுங்க முடியாமல் ஒரு துணியில் துடைத்துக்கொள்வார். ஆனால் முகத்தில் அப்போது வலி தெரியாது. அதற்காகத்தான் போன சனிக்கிழமையும் போனேன். பாயாவில் மிளகு எத்தனை தூக்கல், எலும்பு எப்படி வழுக்கியது, எல்லாவற்றையும் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம் செய்தார்கள். பள்ளி முழுக்க வந்திருந்தது. பசியே இல்லாத இடத்துக்குச் சகோதரி போய்விட்டார் என்று பாதிரியார் ஜெபத்தில் சொன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பசி இல்லாத இடத்தில் அவருக்கு என்ன வேலை? இரண்டு வருஷமாக ஒரு வாய்ச் சோற்றுக்குத் தவித்த மனுஷிக்குப் பசியை எடுத்துவிடுவதா தர்மம்? நன்றாகப் பசித்து, நன்றாகச் சாப்பிடுகிற இடமாகப் பார்த்து அனுப்பக்கூடாதா? ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது ஓய்ந்தபோது பசித்தது. கொஞ்சம்கூட வெட்கமில்லாத பசி. காலையில் வடித்த சோறு இருந்தது. மோர் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் போட்டேன். இறங்கியது. அடுத்த வாயும் இறங்கியது. நிற்கட்டும், எங்காவது ஓரிடத்தில் அடைத்து நிற்கட்டும் என்று பெரிய பெரிய கவளமாகப் போட்டுப் பார்த்தேன்.

ரூத் அக்கா, போய் வாருங்கள். எனக்கு எல்லாம் இறங்குகிறது.