பெட்ரோலில் இறங்கிய பனி

சின்னமனூரில் பம்புசெட்டும் டிராக்டரும் பழுது பார்த்துக்கொண்டிருந்த கர்ணன், 2003இல் மேகமலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனார். எஸ்டேட் முதலாளி பாண்டியராஜன் இரண்டு பேர் உட்காரும் சிறிய விமானம் ஒன்றை வாங்கியிருந்தார். ஓட்டவும் முறையாகப் படித்திருந்தார். புல்மேட்டில் ஓடுபாதை தயார். விமானத்தை நிறுத்தக் கூரைதான் இல்லை. "அடுத்த வருசம் கட்டிருவோம் கர்ணா" என்றார். கட்டவே இல்லை.

மார்கழியும் தையும் அங்கே பொல்லாதவை. ராத்திரி முழுக்கப் பனியில் நின்ற இன்ஜின் காலையில் அசையாது. ஆயில் பாகாக இறுகிக் கிடக்கும். அதனால் கர்ணன் சாயங்காலமே பேட்டரியைக் கழற்றித் தன் அறையில் வைத்துக்கொள்வார். இன்ஜின் பக்கத்தில் இருநூறு வாட் பல்பைத் தொங்கவிட்டு, மேலே கம்பளி சுற்றுவார். விடிந்ததும் இறக்கைகளில் படிந்த ஈரத்தைத் துடைப்பார். சாவி போடாமல் முன்விசிறியைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்ப்பார். கடைசியில் டேங்க்கின் அடியிலுள்ள திருகைத் திறந்து, கண்ணாடிக் குப்பியில் பெட்ரோல் பிடிப்பார். குளிரில் டேங்க் உள்ளே வியர்த்து, தண்ணீர் அடியில் தங்கிவிடும். அது இன்ஜினுக்குப் போனால் நடுவானில் நின்றுபோகும். தண்ணீர் வருவது நிற்கும்வரை பிடித்துப் பிடித்துக் கொட்டுவார்.

இரண்டு குளிர்காலம் இப்படியே போனது.

2006 தை மாதம், ஒரு காலை. பாண்டியராஜனின் ஜீப் வழக்கத்துக்கு முன்பே வந்துவிட்டது.

"ரெடியா?"

"ரெடிதான்யா. பத்து நிமிசம் ஓடட்டும், சூடேறட்டும்."

அவரும் பொறுத்திருந்துதான் கிளம்பினார். ஓடையைத் தாண்டி ஏறும்போது சத்தம் இரண்டு முறை விக்கியது. பிறகு சத்தமே இல்லை. விமானம் தேயிலைக்குள் போய் விழுந்தது. கர்ணன் செருப்பில்லாமல் தேயிலைச் சரிவில் விழுந்து எழுந்து ஓடினார். பாண்டியராஜனை வெளியே இழுத்தபோது உயிர் இல்லை.

தேனியிலிருந்து வந்த அவர் மனைவி முத்துலட்சுமி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தண்ணி வடிச்சியா கர்ணா?"

"வடிச்சேன்மா."

"அப்பச் சரி. ஓம்மேல குத்தமில்ல."

விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடமும் கர்ணன் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டார். டேங்க் கிழிந்து எல்லாம் ஒழுகிப்போயிருந்ததால் அவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்துத்தான் கர்ணன் அந்தக் காலையை வரிசையாக நினைத்துப் பார்த்தார். பேட்டரி மாட்டும்போது ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி உரிந்தது நினைவிருந்தது. இறக்கை துடைத்தது நினைவிருந்தது. பிறகு ஜீப் சத்தம். அதற்கு முன்னால் குப்பியை எடுத்தாரா? குப்பியின் அடியில் தண்ணீர் உருண்டு நிற்பது கண்ணுக்குள் தெரிந்தது. அது எந்த நாள் குப்பி என்பதுதான் தெரியவில்லை.

"தெனம் செய்யிற வேல. அன்னிக்கு மட்டுமா மறந்திருப்பீக?" என்றாள் மனைவி பவுனு.

"தெனம் செஞ்சதாலதான் பவுனு பிடிபடமாட்டேங்குது."

தன் பழைய பட்டறையைத் திறந்து பார்த்தார். முடுக்கிய போல்ட்டை மறுபடி கழற்றி, மறுபடி முடுக்கி, ஒரு மோட்டாரை நாலு நாள் வைத்துக்கொண்டார். தண்ணீர் பாயாமல் வாழை வாடியவர்கள் வேறு ஆளைத் தேடிப் போனார்கள். பட்டறை மூடியது. கர்ணன் வாழைத்தார் ஏற்றும் வேலைக்குப் போனார்.

ஒன்றரை வருடம் கழித்து, தாங்க முடியாமல் தேனிக்குப் போய் முத்துலட்சுமியைப் பார்த்தார். அவர் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். கர்ணன் டம்ளரைத் தொடவில்லை.

"அம்மா, அன்னிக்கு வடிச்சேன்னு சொன்னேன். வடிச்சேனா இல்லையான்னு எனக்கே தெரியல."



"இத எதுக்கு இப்ப வந்து சொல்ற?"

"பொய் சொன்னாப்பல உறுத்துதும்மா."

"நீ வடிச்சேன்னு சொன்னதாலதான் விதின்னு நெனச்சுக் கெடந்தேன். இனிமே நான் என்னன்னு நெனைக்கிறது?"

எழுந்து உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. கர்ணன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தார்.

வீட்டில் பவுனு கேட்டாள், "சொல்லிட்டீகளா? மனசு லேசாச்சா?"

"இல்ல" என்றார். "அவுகளுக்கும் கனமாக்கிட்டு வந்துட்டேன்."

அடுத்த வருடம் முத்துலட்சுமி எஸ்டேட்டைக் கைமாற்றிவிட்டு எங்கோ போய்விட்டதாகக் கர்ணன் கேள்விப்பட்டார். எங்கே என்று விசாரிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.