அப்பா போட்ட ‘ங்க’

படங்களில் வரும் அப்பாக்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். இரண்டரை மணி நேரம் மகனை முறைத்துக்கொண்டே இருப்பார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் தோளில் கை வைப்பார்கள், வயலின் இழுக்கும், பக்கத்து சீட்டில் யாராவது மூக்கை உறிஞ்சுவார்கள். புத்தக அப்பாக்கள் இன்னும் மோசம். செத்த பிறகுதான் அவர்கள் பீரோவிலிருந்து ஒரு டைரி கிடைக்கும், அதில் மகனைப் பற்றி நாலு வரி இருக்கும். உயிரோடு இருக்கும்போதே அதைச் சொல்லித் தொலைத்தால் என்னவாம்?

என் அப்பா இந்த இரண்டு வகையிலும் சேராதவர். பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார், எல்லோருக்கும் ‘ங்க’ போடுவார். கண்டக்டருக்கு, காய்காரம்மாவுக்கு, மில் மேஸ்திரிக்கு. வாசலில் படுத்திருக்கும் தெருநாயிடம்கூட, “கொஞ்சம் தள்ளிக்குங்க” என்றுதான் சொல்வார். அவருடைய ‘ங்க’வுக்கு வெளியே இருந்தவர்கள் மூன்றே பேர்: அம்மா, நான், மருதமலை முருகன். எங்களை மட்டும்தான் வா, போ என்பார். அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு.

பதினொன்றாம் வகுப்பில் ஒரு புதன்கிழமை பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, காந்திபுரம் பக்கம் ஒரு தியேட்டருக்கு மேட்னி பார்க்கப் போனேன். அரங்கில் பாதிக் கூட்டம்கூட இல்லை. இடைவேளையில் விளக்கு எரிந்ததும் சும்மா திரும்பிப் பார்த்தேன். மூன்று வரிசைக்குப் பின்னால் அப்பா. மடியில் அம்மா காலையில் சோறு போட்டுக் கொடுத்துவிட்ட தூக்குப்போசி. அதன் மூடி சரியாக நிற்காது என்று அம்மா பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டிவிட்டிருந்தாள். அந்தக் கறுப்பு வளையத்தைக் கழற்றி வளையல் மாதிரி மணிக்கட்டில் போட்டுக்கொண்டு, அப்பா தயிர்சோறு தின்றுகொண்டிருந்தார்.

ஓடிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவரும் என்னைப் பார்த்துவிட்டார். தியேட்டர் என்றும் பாராமல் அடிப்பாரோ என்று பயந்தபடி போய் நின்றேன்.

“வா கண்ணு” என்று பக்கத்து சீட்டைத் தட்டினார். “சாப்ட்டயா?”

மீதிச் சோற்றைப் போசி மூடியில் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார். மில்லில் ஆள் குறைத்தபோது அவரையும் நிறுத்திவிட்டார்கள். இரண்டு மாதம் ஆகிவிட்டது. கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தையே சம்பளம் என்று அம்மாவிடம் கொடுத்துவந்தார். எங்கள் தெருவிலிருந்து அந்த மில்லுக்குப் போனவர் அவர் ஒருவர்தான் என்பதால் சேதி வீடு வந்து சேரவில்லை. தினமும் காலையில் வேலைக்குப் போவது போலப் போசியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார், நாலு இடத்தில் வேலை கேட்பார், வெயில் ஏறியதும் ஏதாவது ஒரு தியேட்டரில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

“அம்மாகிட்டச் சொல்லிப்போடாத சாமி. ஆருகிட்டயுமே வேண்டாம். வேல கெடச்சா நானே சொல்லிக்கறேன்.”

“நான் மட்டம் போட்டத நீங்களும் சொல்லிப்போடாதீங்கப்பா.”

சிரித்தார். படம் மறுபடி தொடங்கியது. திரையில் ஒரு அப்பா மகனைப் பளாரென்று அறைந்தார். அப்பா என் காதோரம் குனிந்து, “நல்ல வேள, நமக்கு இந்த வேல இல்ல” என்றார். அதற்குப் பிறகு இன்னும் நாலைந்து புதன்கிழமைகள் சேர்ந்தே படம் பார்த்தோம். பிறகு பம்புசெட் சாமான் செய்கிற ஒரு பட்டறையில் அவருக்கு வேலை கிடைத்தது. மில் பிடிக்கவில்லை, மாறிவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னார். உண்மையை அவராகச் சொல்லவேயில்லை. நானும் பத்து வருடத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

இத்தனைக்கும் நான் எழுதுகிறவன். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை, அங்கேயே குடித்தனம், மிச்ச நேரத்தில் கதை. இந்தக் கதையை எழுதக் கை எவ்வளவு அரித்திருக்கும் என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியும். இரண்டு முறை தொடங்கிக் கிழித்துப் போட்டேன்.

எழுதாமல் காப்பாற்றியதை வாயால் கெடுத்தேன். சென்னையில் வேலை பார்த்த காலத்தில் என் அறையில் ஒரு நண்பன் இருந்தான். சினிமாவில் உதவி இயக்குநர். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ குடித்துக்கொண்டே, அப்பா மகன் கதை என்றால் தோளில் கை வைப்பதைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று அலுத்துக்கொண்டான். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கப்பா அப்படியில்லை என்று காட்டிவிட வேண்டும். சொன்னேன். டியூப் வளையம்வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவன் கண் கலங்கியது. யாரிடமும் சொல்லாதே என்றேன். என் தலையில் கை வைத்து, “சத்தியமா சொல்ல மாட்டேன் மச்சான்” என்றான்.

போன வருடம் அவனுடைய முதல் படம் வந்தது. “அப்பா அம்மாவைக் கண்டிப்பா கூட்டிட்டுப் போ” என்று போனில் சொன்னான். என்ன கதை என்று கேட்டதற்கு, “போய்ப் பாரேன்” என்றான்.

பக்கத்து மாலில் மதியக் காட்சி. அப்பா சலவை வேட்டி சட்டையில் வந்தார். படம் தொடங்கும் முன் நன்றி என்று ஒரு பட்டியல் ஓடியது. அதில் என் பெயர் இருந்தது. அப்பா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, “கண்ணு, உன்ற பேரு! பாத்தயா, உன்ற பேரு!” என்றார். அம்மாவுக்குத் தாங்கவில்லை, முன்சீட்டுக்காரரிடமே சொல்லிவிட்டாள்.

இருபது நிமிடம் கழித்துத் திரையில் ஒருவர் தூக்குப்போசியோடு வீட்டிலிருந்து கிளம்பினார். மூடியில் கறுப்பு வளையம். அதை அவ்வளவு பெரிதாகக் காட்டினான் பாவி. எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டு, சுவை பத்தாதென்று அந்த அப்பாவை மதியமே குடிக்கவும் வைத்திருந்தான். தியேட்டரில் மகனைப் பார்த்த திரை அப்பா, “வாங்க தம்பி, சாப்ட்டீங்களா?” என்றார். கோயமுத்தூர் என்றால் பெற்ற மகனுக்கும் ‘ங்க’ போடுவார்கள் என்று எவனோ சொல்லியிருக்கிறான். அரங்கில் நம் ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். நானும் சத்தமாகச் சிரித்தேன். இது எங்கள் வீடு இல்லை, பாருங்கள், பேச்சே வேறு என்று அப்பாவுக்குக் காட்ட அந்தப் பிழை ஒன்றுதான் எனக்கு மிஞ்சியிருந்தது.

“ஏனுங்க, அந்த டியூபு...” என்று தொடங்கிய அம்மா பாதியில் நிறுத்திக்கொண்டாள். வெட்டி மாட்டியவள் அவள்தானே.

இடைவேளையில் அம்மா எழுந்து வெளியே போனாள். அப்பா விளம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, எனக்குச் சத்தியமாத் தெரியாதுங்கப்பா. அவன் என்னைய ஏமாத்திப்போட்டான்.”

அது உண்மைதான். நம்பிச் சொன்னதை ஊருக்கே விற்றுவிட்டான், அந்தக் கொதிப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஆனால் யாரிடமும் சொல்லாதே என்று அப்பா கேட்டுக்கொண்டது அவனிடம் இல்லையே.

அப்பா முழுக்கக் கேட்டார். “இருக்கட்டுமுங்க” என்றார்.

வேறு யாருக்கோ சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். எனக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

எழுந்து, என் முழங்காலுக்கு நேரே வந்து நின்றார். “கொஞ்சம் தள்ளிக்குங்க.” காலை மடக்கிக்கொண்டேன். போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா அவரிடம் கேட்டது ஒன்றுதான்: “எங்கிட்டச் சொல்லியிருந்தா நானும் படத்துக்கு வந்திருப்பனில்லீங்க?” அப்பா சிரித்துவிட்டார். இப்போதெல்லாம் இருவரும் மதியக் காட்சிக்குப் போகிறார்கள் என்று கேள்வி.

நண்பன் ஒரு முறை போன் செய்தான். உங்கப்பாவுக்கு நான் செய்த மரியாதைடா என்றான். அப்புறம், உங்கள் ஊர்ப் பேச்சு சரியாக வந்திருந்ததா என்று கேட்டான். போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். கேட்டைத் திறப்பவர் அப்பாதான்.

“வாங்க தம்பி” என்கிறார். “சாப்ட்டீங்களா?”