வார்ப்பாலைக்குப் பொருந்தாத விதி

எங்கள் துறைத்தலைவரை நினைத்தால் முதலில் கண்முன் வருவது அவருடைய சிவப்புப் பேனாதான். வரைபடத்தில் பிடிக்காத புள்ளிகளை அதனால் சுழித்து, பக்கத்தில் 'பிழை' என்று எழுதுவார். இன்றும் அந்த நிறப் பேனாவை நான் தொடுவதில்லை.

புனேயில் உடலியங்கியல் ஆய்வகம் ஒன்றில் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். கோயம்புத்தூர்க்காரர். சார்பியல் கொள்கையை இயற்பியலோடு நிறுத்தக் கூடாது, மற்ற அறிவியல்களிலும் விதிகளைக் கண்டுபிடிக்க அதுவே உரைகல் என்பார். "எவன் அளந்தாலும், எங்கே நின்னு அளந்தாலும் மாறாம நிக்கோணுங்க. அதுதான் விதி." நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

சூட்டில் உழைத்த உடம்பு எவ்வளவு ஓய்வில் தேறும் என்பதே எங்கள் கேள்வி. முதலில் மகர்பட்டாவில், கணினி அலுவலகத்துப் பிள்ளைகளைச் சூடான அறையில் சைக்கிள் மிதிக்கவிட்டோம். ஏசி அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்ததும் நாடித்துடிப்பு இறங்கிவிட்டது. பத்து நிமிட ஓய்வு போதும் என்று அவருக்கு விதி தயார். பிறகு கட்கிப் பக்கம் ஒரு வார்ப்பாலைக்குப் போனோம். என் அண்ணன் அங்கேதான் இரும்பை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்தார். அவர்கள் ஓய்வெடுப்பதும் உலைக்குப் பக்கத்திலேயே. பத்து நிமிடம் கழித்தும் துடிப்பு இறங்கவில்லை.

எல்லோருக்கும் ஒரே விதி நிற்க வேண்டும் என்பதற்காகக் காலமும் நீளமுமே மாறும் என்று ஒப்புக்கொண்டதுதான் சார்பியல். அதன்படி பார்த்தால், சுற்றியிருக்கும் சூட்டையும் சேர்த்து இவர் தன் விதியைத் திருத்தியிருக்க வேண்டும். இந்த மனிதரோ கணக்கிலிருந்து ஆட்களையே நீக்கினார். எடுத்துச் சொன்னேன். "விதி எல்லாத்துக்கும் ஒண்ணுங்க. ஒத்துவரலீன்னா அளந்ததுலதான் கோளாறு," என்று அண்ணனின் புள்ளியையும் சுழித்தார். சீ, இதற்குப் பெயர் ஆராய்ச்சியா?

அந்த விதியைக் காட்டி, அரைமணி ஓய்வைப் பத்து நிமிடமாக வெட்டியது ஆலை. அந்தக் கோடையில், ஓய்வு நேரத்திலேயே அண்ணன் சுருண்டு விழுந்தார். உயிர் தப்பியது, சிறுநீரகம் கெட்டுவிட்டது. "நாஸ்டா வாங்கினு வந்து உக்காந்தேம்மா. அவ்ளோதான் தெரியும்," என்றார் ஆஸ்பத்திரியில்.

சென்ற மாதம் துறைத்தலைவருக்குப் பாராட்டு விழா. இன்னும் அதே ஆய்வகத்தில் வேலையில் இருப்பதால் நானும் போய்த் தொலைக்க வேண்டியிருந்தது. மேடையில் அதே சார்பியல், அதே விதி, ஒரே கைதட்டல். பிறகு சாப்பாட்டு மேசையருகே என்னைப் பார்த்து, "அண்ணன் சௌக்கியமுங்களா?" என்றார்.

"அவருதான் உங்க கணக்குலயே இல்லியே சார். எதுக்கு விசாரிக்கிறீங்க?" என்றேன்.

சிரித்தார். பரிமாறுகிறவரிடம் தட்டை நீட்டி, இன்னொரு வடை வைக்கச் சொன்னார்.