அப்பா கேட்டது

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் வளர்ந்தவள் நான். அம்மா யாழ்ப்பாணம், அப்பா சீனாவின் வென்சோ. ஒரே உணவகத்துச் சமையலறையில் வேலை செய்தபோது, ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்த பிரெஞ்சில் பேசிப் பழகிக் கலியாணம் கட்டியவர்கள். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் பிரிந்துவிட்டார்கள். முகம் அப்பாவுடையது, பேச்சு அம்மாவுடையது. கடையில் முருங்கைக்காய் கேட்டால் இன்றைக்கும் யாராவது, “இஞ்சை பார், சீனத்தி என்ன வடிவாத் தமிழ் கதைக்கிறாள்!” என்பார்கள்.

முப்பது தாண்டியபின், அந்த முகத்துக்கும் ஒரு மொழி வேண்டும் என்று தோன்றியது. வேலை முடிந்து, சீனர்களின் பொதுமொழியான மாண்டரின் வகுப்புக்குப் போனேன். எப்போதாவது சந்திக்கும் அப்பாவிடம் ஒரு நாள் பேசிக் காட்டும் ஆசை. அதற்குள் அவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் என் முகத்தைக் கண்டதுமே நர்ஸுக்கு நிம்மதி. “அவருக்குப் பிரெஞ்சு மறந்துவிட்டது. என்ன கேட்கிறார் என்று நீங்களாவது சொல்லுங்கள்.”

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அது வென்சோ பேச்சு. மாண்டரின் தெரிந்தவர்களுக்கும் விளங்காது. “அப்பா, என்ன வேணும்?” என்று மாண்டரினில் கேட்டேன். அவர் அதையே இன்னும் உரக்கச் சொன்னார். தலையணையைச் சரிசெய்தேன். போர்வையை இழுத்துவிட்டேன். மேசையிலிருந்த தண்ணீரைக் கொடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்தடுத்த நாட்களும் அப்படியே போயின.

அம்மாவிடம் சொல்லி அழுதேன்.

“எனக்கும் அந்தப் பாஷை ஒண்டும் தெரியாது பிள்ளை. போனிலை பதிஞ்சு கொண்டுபோய் அவையின்ரை ஆக்களிட்டைக் கேள்.”

பதிந்துகொண்டு, சீனக் கடைகள் நிறைந்த பெல்வில் பகுதிக்குப் போனேன். மளிகைக் கடையிலிருந்த வென்சோப் பெண் போனைக் காதில் வைத்துக் கேட்டாள். முதலில் அந்தப் பேச்சிலேயே எனக்குப் பதில் சொன்னாள். நான் தலையாட்டி மறுத்ததும் பிரெஞ்சுக்கு மாறினாள்.

“சுடுதண்ணீர் கேட்கிறார். ‘இந்த நர்ஸுக்கு எத்தனை தடவை சொன்னாலும் விளங்கவில்லை, பச்சைத் தண்ணீரையே நீட்டுகிறாள்’ என்கிறார். யார் அந்த நர்ஸ்?”

“நான்தான். அவருடைய மகள்.”

அவள் போனை என் கையில் திருப்பி வைத்தாள்.

மறுநாள் பிளாஸ்கில் சுடுதண்ணீர் கொண்டுபோனேன். அறை வாசலிலேயே நர்ஸ் தடுத்தார். காலையிலிருந்து அப்பாவால் விழுங்க முடியவில்லையாம். வாய்வழியாக ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும் என்றார்.

கட்டிலருகே உட்கார்ந்தேன். அப்பா என்னைப் பார்த்து, மெலிந்த குரலில் அதையே கேட்டார். இப்போது எனக்கு விளங்கியது.

“என்ன சொல்கிறார்?” என்று நர்ஸ் கேட்டார்.

“சுடுதண்ணீர்.”

நர்ஸ் ஒரு சின்னப் பஞ்சை எடுத்து, குழாய்த் தண்ணீரில் நனைத்து, அப்பாவின் உதட்டில் ஒற்றினார். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.