மருந்துப் பெட்டி வரும் நாள்

நான் கையால் தொட்டு வைக்காத மருந்துப் புட்டிக்கு நான் எப்படிப் பொறுப்பேற்பது? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸாக இருக்கிறேன். மலையாளி டாக்டர் ஒருவர் வாரத்துக்கு இரண்டு நாள் ஜீப்பில் வருவார். மற்ற நாளெல்லாம் நானும் ஆயா முத்தம்மாளும்தான். என் எட்டு மாதக் குழந்தை எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் இருக்கும்.

1

மாதம் ஒருமுறை மருந்துப் பெட்டிகள் வராந்தாவில் வந்து இறங்கும். ஒவ்வொரு புட்டியையும் நர்ஸே எடுத்து, லேபிள் படித்து, உள்ளறை அலமாரித் தட்டில் வைத்து, ரிஜிஸ்டரில் கோடு போட வேண்டும். எனக்கு முன்பிருந்தவரின் முறை அது. தவறிவிடுமோ என்ற பயத்தில் நானும் அதையே பிடித்துக்கொண்டேன். நடுவில் யாராவது கூப்பிட்டால் எண்ணிக்கை விட்டுப்போகும், மறுபடி முதலிலிருந்து.

ஒரு நாள் மதியம் ஒரு மணிக்கு அந்த வேலை முடிந்து நிமிர்ந்தபோது, கொழுந்து பறிக்கும் செல்லக்கனி மகளை மடியில் போட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். தொட்டேன், நெருப்பு. அந்தக் கணமே குழந்தைக்குக் கையும் காலும் வெட்டி இழுத்தன.

"எப்ப வந்த?"

"பதினோரு மணிச் சங்குக்கே வந்துட்டேம்மா. நாலு தடவ என்னையப் பாத்தீக. 'இரு, வாரேன்'னீக."

ஈரத்துணி போட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். சாயங்காலம் குழந்தை கண் திறந்து தண்ணீர் கேட்டது.

புட்டி தூக்க நர்ஸ் படிப்பு வேண்டாம். காய்ச்சல் பார்க்கத்தான் அது வேண்டும். எல்லாப் புட்டியும் என் கை வழியாகத்தான் போக வேண்டுமென்றால், அவை நகரும் நேரமெல்லாம் நான் வெறும் சுமைகூலிக்காரிதான்.

2

இனி புட்டிகளை முத்தம்மாள் அடுக்கட்டும் என்று டாக்டரிடம் சொன்னேன். "முத்தம்மாளுக்கு எழுத்து அறியில்லல்லோ, சிஸ்டரே. ஒரு குப்பி மாறினா ஆரு பதில் சொல்லும்?"

"நான்தான் சார்."

பக்கத்தில் நின்ற முத்தம்மாளும் விடவில்லை. "எழுத்துதான் தெரியாதுங்கய்யா, கண்ணு தெரியும். கொடியில நாப்பது சேல காஞ்சாலும் என் சேலைய எடுக்கேன்ல?"

டாக்டர் சிரித்துச் சம்மதித்துவிட்டார்.

அடுத்த முறை பெட்டிகளைத் திறந்து பார்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு நிறத் தாள் ஒட்டினேன். போக வேண்டிய தட்டிலும் அதே நிறம். ஒரு புட்டி வைத்தால் முத்தம்மாள் தாளில் ஒரு கோடு போட வேண்டும். "முடிஞ்சதும் இந்த எனாமல் தட்டுல கரண்டியால அடி. ஏதாச்சும் ஒடஞ்சா மட்டும் நடுவுல கூப்பிடு" என்றேன். உள்ளறைக்கு ஒரே குறுகிய வழி. அவள் பெட்டியோடு வந்தால் நான் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். நஷ்டம் அவ்வளவுதான். கரண்டிச் சத்தம் கேட்பதற்குள் பதினான்கு பேரைப் பார்த்துவிட்டேன்.

அவர்களில் செல்லக்கனியின் மகளும் ஒருத்தி. காதுவலி. "இன்னிக்கு உக்காரக்கூட விடலியே!" என்றாள் செல்லக்கனி.

பிறகு உள்ளே போனேன். குடிக்கும் மருந்துத் தட்டில், புண்ணுக்கு மேலே தடவும் டிங்சர் அயோடின் புட்டி ஒன்று.

"நீங்க செவப்புன்னீக, செவப்புல வச்சேன்" என்றாள் முத்தம்மாள். உண்மைதான். பெட்டியிலேயே மாறி வந்திருக்கிறது. மேலடுக்கை மட்டும் பார்த்துத் தாள் ஒட்டியவள் நான்.

3

இப்போது அடிவரை பார்த்துத்தான் தாள் ஒட்டுகிறேன். கரண்டிச் சத்தம் கேட்டதும் எல்லாத் தட்டுகளையும் ஒருமுறை பார்வையிடுகிறேன். பழைய முறைக்குத் திரும்பும் எண்ணமில்லை. ஆனாலும் நோயாளியின் நாடியைப் பிடித்திருக்கும்போதே மனம் உள்ளறைக்குப் போய்விடுகிறது.

இதே வேலையிலிருக்கும் சகோதரிகளே, ஆயா அடுக்கிய பிறகு நீங்கள் ஒவ்வொரு புட்டியையும் திருப்பிப் பார்ப்பீர்களா, சிலவற்றை மட்டுமா? எதுவரை பார்த்தால் போதும் என்று எழுதுங்கள். அடுத்த பெட்டி வருவதற்குள் கிடைத்தால் நல்லது.