பல் வலித்த ரவுடியும் என் மாமனாரும்

என் மாமனார் என்னோடு பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. தப்பு என்னுடையதுதான். ஷ்வேப்யிதாவில் ஒரு தொழிற்சாலையில், தனக்குத் தெரிந்த மேலாளரிடம் "என் பொறுப்பு" என்று சொல்லி எனக்கு ஸ்டோர் வேலை வாங்கிக் கொடுத்தார். பதினோராம் நாள் யாரிடமும் சொல்லாமல் நின்றுவிட்டேன். அது தெரியாமல் மனிதர் அந்த மேலாளருக்கு நன்றி சொல்ல அல்வாவோடு போயிருக்கிறார். "அந்த ஊலே மூஞ்சில இனி எப்படி முழிப்பேன்?" என்று என் மனைவியிடம் கேட்டாராம். ஊலே என்றால் பர்மியத்தில் மரியாதைக்குரிய பெரியவர். அத்தோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

கண்புரை அறுவைச் சிகிச்சைக்காக இன்சீனிலிருந்து க்யிம்யிண்டைங்கில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார். ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் புரை. மனைவி வேலைக்குப் போய்விடுவாள். பகல் முழுக்க நாங்கள் இருவர்தான். தண்ணீர் வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து "தாகமா இருக்கு" என்பார். சுவரின் சார்பில் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

"அப்பா வெள்ளிக்கிழமை கிளம்புறாரு. அதுக்குள்ள மன்னிப்புக் கேக்கலைன்னா இனி இந்த வீட்டுப் படி ஏற மாட்டாரு" என்றாள் மனைவி. அவர் வராமல் போனால் அவள் எப்படி ஆகிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு அந்த ஒரு சொல் மட்டும் தொண்டையைத் தாண்டி வராது. புதன்கிழமை வரை தொண்டையைச் செருமிக்கொண்டே திரிந்தேன்.

வியாழன் மத்தியானம் மின்சாரம் வந்தது. "மீ வந்துருச்சு" என்று சுவருக்குத் தெரிவித்தார். டிவியைப் போட்டேன். ஏதோ ஸ்பானிஷ் படம், கீழே பொடிப்பொடியாகப் பர்மிய எழுத்து. அவருக்கு எழுத்து தெரியவில்லை. காது மட்டும் நன்றாகக் கேட்டது.

ஒரு ரவுடிக் கும்பல் ஆள் மாறிப்போய் ஒரு பல் டாக்டரைக் கடத்திவிடுகிறது. விட்டுவிடலாம் என்றால் தலைவனுக்குப் பல்வலி. துப்பாக்கியை நீட்டியபடியே வாயைத் திறந்து கடைவாயைக் காட்டி "அக்கா, அக்கா" என்று அலறினான்.

"பல்லு வலிச்சா அக்காவ ஏன் கூப்பிடுறான்?" மாமனார் டிவியிடம் கேட்டார்.

"அவங்க பாஷையில அக்கான்னா இங்கயாம். இங்க வலிக்குதுங்கிறான்" என்று நானும் டிவிக்கே பதில் சொன்னேன். லேசாகச் சிரித்தார். எட்டு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

கடைசியில் போலீஸ் வீட்டைச் சுற்றிவளைத்தது. தலைவன் வீங்கிய கன்னத்தோடு போனை எடுத்து "மாமா, மாமா" என்று தேம்பினான். அவர்கள் மொழியில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது. என் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாமாகிட்ட என்னவாம்?"

அது அம்மா என்று திருத்தத்தான் வாயைத் திறந்தேன். வேறு ஏதோ வந்தது.

"சொல்லாம கொள்ளாம வேலைய விட்டுட்டானாம். மாமாவுக்குத் தலைகுனிவாப் போச்சாம். அழுறான்."

உண்மையில் அவன், சாப்பிட்டாயா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ரவுடி வேலையவா?"

"ஆமா. மாமா வாங்கிக் குடுத்தது."

மறுமுனையில் அவன் அம்மா பேசினாள். "பொம்பளக் குரலால்ல இருக்கு?" என்றார் மாமனார்.

"அது அத்தை. மாமா போனுக்கு வரமாட்டேங்கிறாராம்."

எனக்குக் குரல் உடைந்துவிட்டது. அடுத்தவன் அழுகையை இரவல் வாங்கிப் பேசுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. திரையில் வந்த எழுத்தைப் படிக்க முடியவில்லை.

மாமனார் கட்டிலைத் தடவி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினார். கட்டுப்போட்ட முகத்தை டிவியிலிருந்து என் பக்கம் திருப்பினார்.

"மாமா லைனுக்கு வந்துட்டாரு" என்றார். "சொல்லுங்க மாப்ள."