ஷோ பீஸ் ஆகப் பார்த்த புத்தர்

எனக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை. அடுத்த மாதம் குடும்பத்தோடு போகிறோம். சாமான்களைக் கப்பலில் அனுப்புகிற ஏஜென்ட், கஸ்டம்ஸுக்குப் பட்டியல் எழுத இன்று ஸ்கெலட்டன் என்கிற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

குக்கர், மிக்சி, துணிமணி எல்லாம் மளமளவென்று எழுதினார். புத்தர் சிலைக்கு வந்ததும் பேனா நின்றது.

"சிலைன்னா பழங்காலத்துச் சிலையான்னு கேள்வி வரும்ங்க. ஷோ பீஸ்னு போட்டுடலாம். யாரும் இன்னான்னு கேக்க மாட்டாங்க."

என் தாத்தா சாதியை உதறிவிட்டு பௌத்தத்தில் சேர்ந்தபோது வாங்கிய பிளாஸ்டர் சிலை அது. அதன் முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் சுரங்கத்துக்கு ஷிஃப்ட் போவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏஜென்டின் செல்போன் முதுகில் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர்.

"உங்க போன்ல இருக்கிறது இன்னாங்க, ஷோ பீஸா?"

"அது சாமிங்க."

"அப்போ இது?"

பேனாவை வாங்கி நானே எழுதினேன்: 'புத்தர் சிலை, வழிபாட்டுக்கு.'

கஸ்டம்ஸில் கேள்வி கேட்டால் பதில் சொல்லிக்கொள்வேன். கேட்பதற்கு முன்பே பெயரை மாற்றி எழுதுகிறவர்களுக்கு என்ன சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.